தோணிக்காரன் என்ன ஆனான்?

நான் எழுதிய வான்மாறன் தொடர்கதையின் மூன்றாவது அத்தியாயம் வெளிவந்த மறுநாள் காலையில் அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் எங்கள் கையெழுத்துப் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்திருந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து நான் பேனாவை மூடி வைத்தேன்.

"தம்பி, அந்தத் தோணிக்காரன் என்ன ஆனான்?" என்றார்.

"எந்தத் தோணிக்காரன்க்கா?"

"உன் ஆளு ஏறி நிண்டு ஆகாசத்துக்குத் தாவுனானே, அந்தத் தோணி. அவன் உந்துன உந்துல தோணி கவுந்துச்சுண்டு எழுதியிருக்க. அதுல ஒருத்தன் துடுப்பு போட்டுக்கிட்டு இருந்தான்ல?"

அப்படி ஒருவனை எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. தோணி தானாக நடுக்கடலுக்குப் போகாது என்பதற்காக ஒரு வரியில் அவனை உட்கார வைத்திருந்தேன். வான்மாறன் தாவியதும் என் வேலை முடிந்தது. "அடுத்த இதழில் வருவான்" என்று சொல்லி வைத்தேன். வரவில்லை.

இது ஐம்பதுகளின் நடுவில். மண்டபத்தில் ஒரு தனியார் ஏஜென்சியில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்குக் காகிதங்கள் எழுதிக் கொடுப்பதும், கப்பல் நாள் வரும் வரை அவர்களைத் தங்கவைப்பதும் அந்த ஏஜென்சியின் தொழில். அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. அதில் பெண்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் ஆயாதான் என்னிடம் தோணிக்காரனைக் கேட்டவர். தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவர். நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. மானேஜர் முதல் தண்ணீர் வண்டிக்காரர் வரை எல்லாருக்கும் அவர் அக்கா. நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோறு தின்பது நின்றுகொண்டு. படிப்பது நடந்துகொண்டு. கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, உதடு அசைய, பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடப்பார். வழியில் ஒரு பிள்ளை அழுதால் காலாலேயே தூளியை ஆட்டிவிட்டு வரியை விடாமல் மேலே போவார். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகளிடம் எழுதப் படிக்கக் கற்றிருந்தார். அச்சடித்த பத்திரிகைகளைத் தொடுவதில்லை. "அதுல எழுதுறவுக மெட்ராசுல இருக்காக. கேக்கணும்ண்டா எங்கன போய்க் கேக்கிறது?" என்பார்.

எங்கள் கதை பிறந்தது ஒரு கிழிந்த புத்தகத்திலிருந்து. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கொட்டகையில் ஓர் ஆங்கிலப் படக்கதையை விட்டுப் போயிருந்தார். முதுகில் துணி பறக்க ஆகாயத்தில் போகிற ஒரு பலசாலி, ஒரு நகரத்தைக் காப்பாற்றுகிறான். கடைசிப் பக்கங்களை யாரோ புகையிலை மடிக்கக் கிழித்துவிட்டார்கள். நானும் பாம்பனில் போர்டு எழுதிக்கொண்டிருந்த அந்தோணியும் முடிவு தெரியாமல் இரண்டு நாள் தவித்தோம். பிறகு நாங்களே முடிக்கலாம் என்று தொடங்கினோம். அந்தப் பலசாலிக்கு வான்மாறன் என்று பெயர் வைத்து, பாம்பன் பாலத்தின் மேல் கொண்டுவந்து இறக்கினோம். அதற்கப்புறம் முடிக்க மனம் வரவில்லை.

நான் எழுத, அந்தோணி படம் போடுவான். மாதம் ஓர் இதழ், ஒரே ஒரு பிரதி. ரயிலிலும் மீன் வண்டியிலும் போய்க் கைமாறிக் கைமாறி பெரியபட்டினம், கீழக்கரை வரை போய்விட்டுத் திரும்பும். பின்னால் நாலு பக்கம் வெறுமையாக விட்டு மேலே 'வாசகர் கருத்து' என்று எழுதியிருப்போம். இதழ் திரும்பி வரும்போது ஓரங்கள்கூட மிஞ்சியிருக்காது.

பெரியபட்டினத்து மீன் வியாபாரி ஒருவர் எழுதியிருந்தார்: "வாடைக் காற்றில் வான்மாறன் வடக்கே அத்தனை வேகமாகப் பறந்தது தவறு. கடல் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதவும்." கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி, பெயர் போடாமல்: "வான்மாறனுக்குத் தாயார் உண்டா? உண்டென்றால் அவர்கள் வாயால் இரண்டு வார்த்தை வேண்டும்." ஒருவர், வான்மாறன் முகமூடியைக் கழற்றாத வரை அவன் தங்கள் ஆள்தான் என்று உரிமை கொண்டாடியிருந்தார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் ஒரு மறுப்பு. வில்லன் நாகலிங்கத்தை மட்டும் யாருமே விட்டுக்கொடுக்கவில்லை. "நாகலிங்கத்தைச் சாகடித்தால் இந்தப் பத்திரிகை எங்கள் தெருவுக்குள் வராது" என்று மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே, கொட்டை எழுத்தில், பென்சிலால், அவருடைய ஒரே வரி இருக்கும். "தோணிக்காரன் என்ன ஆனான்?"

நாலாவது இதழில் அதற்கு யாரோ கிண்டலாகப் பதில் எழுதினார்கள்: "கடற்கரை ஆளுக்கு நீந்தத் தெரியாதா?" இதழ் மறுபடி அவர் கைக்கு வந்தபோது அதன் கீழே எழுதினார்: "தெரியும். தோணி?"

ஐந்தாவது இதழில் கேள்வி இரண்டானது. நாகலிங்கத்தின் சரக்குக் கிட்டங்கியை வான்மாறன் ஒரே குத்தில் இடித்தான் அல்லவா, அதற்குள் ஒரு சமையல்காரன் உலை வைத்துக்கொண்டிருந்தானே, அவன்? எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. ஊரே வான்மாறனுக்காகக் காத்திருக்கிறது, இவர் ஒருவர் மட்டும் கதையின் பின்னால் வந்து உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாரே என்றிருந்தது. ஆறாவது அத்தியாயத்தின் அடியில், கோடு போட்டு, "தோணிக்காரர் நலம். வாசகியர் கவலைப்பட வேண்டாம்" என்று எழுதினேன். அந்தோணி விழுந்து விழுந்து சிரித்தான்.

அவர் அதைப் படித்துவிட்டு வந்தார். கோபம் இல்லை. "நலம்ண்டா எங்கன இருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

"அக்கா, அவன் கதையில வாரவன். நான் சொன்னாத்தான் அவன் இருக்கான்."

"அதான் உங்கிட்டக் கேக்குறேன்."

அன்று மாலை கொட்டகை வாசலில் கழுவிய பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே தானாகச் சொன்னார். "என் தங்கச்சி கொழும்புக்குப் போனா, வீட்டு வேலைக்கு. பதினாறு வயசு. ஒரு காயிதம் வந்துச்சு, நல்லாருக்கேண்டு. அம்புட்டுத்தான்." பிறகு உள்ளே போய்விட்டார். அதைப் பற்றி அதற்கு முன்னும் அவர் பேசியதில்லை, பின்னும் பேசவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் தோணிக்காரனை நான் எழுதவில்லை. வாசகர்கள் கேட்பது சண்டை, அவர் ஒருவருக்காக அத்தியாயத்தை நிறுத்த முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழாவது அத்தியாயத்தில் நாகலிங்கம் வான்மாறனைப் பாம்புக் குகையில் அடைத்துவிட்டான். அந்த இதழ் சுற்றுக்குப் போய்விட்டது. எப்படி வெளியே கொண்டுவருவதென்று எனக்குத் தெரியவில்லை. குளிக்கும்போதும் அதே நினைவு, சாப்பிடும்போதும் அதே நினைவு. அந்த வாரம்தான் கப்பலுக்குப் போகிற நாற்பது பேரின் பெயர்ப் பட்டியலை எழுதினேன்.

நாற்பது பேரில் ஒரு குடும்பம் கமுதிப் பக்கத்துக்காரர்கள். ராமலிங்கம், அவர் மனைவி காளியம்மா, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. இரண்டு நாள் கொட்டகையில் இருந்தார்கள். ராமலிங்கம் அதிகம் பேசாத ஆள்; தோட்டத்துக்குத் திரும்புகிறவர். மனைவிக்கு இதுதான் முதல் பயணம். அவர்கள் எல்லாரும் தனுஷ்கோடி ரயிலில் ஏறிப் போனார்கள். மறுநாள் மத்தியானம் ராமலிங்கம் மட்டும் திரும்பி வந்து வாசலில் நின்றார். தண்டவாளத்தை ஒட்டிப் பாம்பன் வரை நடந்து, அங்கே யாரோ இரங்கி ரயில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கால் வீங்கியிருந்தது.

கப்பல்துறையில் பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் ஏற்றுவார்கள். காளியம்மா குழந்தையோடு ஏறிவிட்டார். ஆண்கள் வரிசையில் ராமலிங்கத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் காகிதத்தில் ராமலிங்கம். பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. அவர் பேசிப் பார்ப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. பணம், துணி, சட்டி எல்லாம் மனைவியின் மூட்டையோடு போய்விட்டன.

மானேஜர் அன்று ராமநாதபுரம் போயிருந்தார். அக்கா ராமலிங்கத்தின் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"பட்டியல எடு. நகல் இருக்கும்ல."

எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே விரலை வைத்துக்கொண்டு இறங்கினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அப்போதுதான் நானும் எட்டிப் பார்த்தேன். காளியம்மாவின் பெயருக்கு மேலே, என் அழகான கையெழுத்தில், நாகலிங்கம் என்று இருந்தது.

வேறு யார் பார்த்திருந்தாலும் அதை ஏதோ கைப்பிசகு என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் ஏழு இதழ்களையும் படித்தவர்.

"இது உன் கதையில வாரவன்ல?" என்றார், மெதுவாக.

நான் நகலை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"கிளம்பு."

"மானேஜர் வரட்டும்க்கா. அவரு வந்து ஒரு லெட்டர் குடுத்தா..."

"அவரு வாரப்ப வாரட்டும். எழுதுனது நீ. நீ வந்து சொல்லு."

"வேலை போயிரும்க்கா."

"போகும்" என்றார். சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ராமலிங்கத்தை எழுப்பப் போனார்.

மூன்று பேரும் அன்றைய ரயிலிலேயே போனோம். பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்துபோகும்போது எல்லாரும் கடலைப் பார்ப்பார்கள். ராமலிங்கம் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். இடையில் ஒருமுறை திரும்பி, "உம் பொஞ்சாதிக்கு அங்கன தெரிஞ்சவுக யாரும் இருக்காகளா?" என்று கேட்டார். "ஒருத்தரும் இல்லத்தா" என்றார் ராமலிங்கம். "காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு குடுக்கக்கூட அதுக்குத் தெரியாது."

கப்பல்துறையில் இருந்த அதிகாரி தன்மையான மனிதர். பட்டியலில் இல்லாத ஒருவரை அவர் ஏற்றியிருக்க முடியாது. அவர் செய்தது சரி. காகிதங்களைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "பேர் எப்படிய்யா இப்படி மாறும்? பட்டியல்ல நாகலிங்கம்னு வேற ஆளே இல்லையே."

எழுதும்போது தூக்கக் கலக்கம் என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சொல்லு" என்றார்.

சொன்னேன். நான் ஒரு தொடர்கதை எழுதுகிறேன், அதில் நாகலிங்கம் என்று ஒரு வில்லன், மனம் முழுக்க அவன் இருந்ததால் கை எழுதிவிட்டது என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருந்ததென்று இப்போதும் என் காதில் கேட்கிறது.

அதிகாரி நாற்காலியில் முன்னுக்கு வந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வான்மாறனா? அத எழுதுறது நீங்களா? ரயில்வேக்காரங்க கொண்டாந்து குடுப்பாங்க. என் வீட்டுலயும் படிக்கிறோம்." குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது சரி, பாம்புக் குகையிலேர்ந்து எப்படித் தப்பிக்கிறான்?"

ஒரு வாசகன் நேருக்கு நேர் அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைக்க முடியாது. பக்கத்தில் ராமலிங்கம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா" என்றார் அக்கா, "மொத இந்தாளு எப்படித் தப்பிக்கிறதுண்டு சொல்லுங்க."

அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு வழி சொன்னார். திருத்திய பட்டியல், மானேஜரின் கையெழுத்து, பிழை என்னுடையது என்று நான் எழுதித் தரும் கடிதம். மூன்றும் வந்தால் அடுத்த தொகுதியில் ஏற்றலாம். எட்டு நாள் ஆகும்.

அக்கா அங்கேயே, கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தார். "காளியம்மாண்டு பேரு. இடுப்புல பச்சப்பிள்ள, மூக்குக்குப் பக்கத்துல மச்சம். புருசன் ஓடிப்போகல, பேரத் தப்பா எழுதிட்டாகண்டு சொல்லணும்." அவரை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார். அந்த ஆள் அக்கரையில், தலைமன்னாரில் தேடியிருக்கிறார். தோட்டத்து ஆட்களை அதற்கு முன்பே ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள்.

மானேஜர் வந்ததும் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். என் கடிதத்தையும் படித்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் அந்தோணி வீட்டில் தங்கிக்கொண்டேன். அந்த எட்டு நாளும் கொட்டகைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. ராமலிங்கம் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். அக்கா அவரைச் சும்மா இருக்க விடவில்லை. விறகு பிளக்கச் சொன்னார். தண்ணீர் சுமக்கச் சொன்னார். பிளந்த விறகை இடம் மாற்றி அடுக்கச் சொன்னார். "கை வேலையா இருக்கணும். இல்லாட்டி மனசு அவனத் தின்னுப்புடும்" என்றார் என்னிடம். அவருடைய நடை அந்த நாட்களில் இன்னும் வேகமாகியிருந்தது. காற்றில் கப்பல் சங்கு கேட்டதாகச் சொல்லி, பேச்சின் நடுவில் விட்டுவிட்டு வாசலுக்குப் போவார். மண்டபத்தில் கப்பல் சங்கு கேட்காது.

ஒன்பதாம் நாள் ராமலிங்கம் கப்பல் ஏறினார்.

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்திலிருந்து அக்கா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. யாரையோ எழுதச் சொல்லிக் காளியம்மா அனுப்பியது. அக்கா அதைப் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "அவர் விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று கப்பலில் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆளைக் காணாமல் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டேன். அவர் விசாரித்துக்கொண்டு வந்தபோது மூன்று நாள் கதவு திறக்கவில்லை. வாசலிலேயே கிடந்தார். இப்போது ஒன்றாக இருக்கிறோம். பிள்ளைக்கு இன்னும் அவரிடம் போகப் பயம், போகப் போகச் சரியாகும். பெயர் எழுதிய தம்பியைக் கேட்டதாகச் சொல்லவும்."

கடைசி வரியை நான் பல முறை படித்தேன். அவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம்.

இந்த இரண்டு மாதமும் நான் வான்மாறனைத் தொடவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தப் பட்டியல் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். ஏழாவது இதழ் சுற்றிவிட்டு வந்திருந்தது. பின்பக்கம் முழுக்கக் கேள்விகள். "குகைக்குள் காற்று வருமா?" "எட்டாவது அத்தியாயம் எங்கே?" "என் மகன் காய்ச்சலில் படுத்திருக்கிறான், முடிவை மட்டுமாவது எழுதி அனுப்பவும்." மீன் வியாபாரி இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டுவிட்டார். இனி எழுதுவதில்லை என்று அந்தோணியிடம் சொல்லிவிட்டேன். அது அக்கா காதுக்குப் போயிற்று.

அவர் பாம்பன் வரை வந்தார். அந்தோணியின் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே நின்றுகொண்டு சொன்னார்.

"எழுதி முடி."

"எனக்கு அது வேண்டாம்க்கா. அதனாலதான இம்புட்டும் வந்துச்சு."

"உனக்கு வேண்டாம். அவுகளுக்கு? பெரியபட்டினத்துல ஒருத்தன், கீழக்கரையில ஒருத்தி, காச்சக்காரப் பிள்ள ஒண்ணு. அத்தன பேரையும் குகைக்குள்ள விட்டுட்டு நீ எந்திரிச்சுப் போயிருவியாக்கும்."

"எழுதினா தோணிக்காரனையும் எழுதணும்" என்றேன். அவருக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

அவர் யோசித்தார். "வேணாம். அவன் என்ன ஆனாண்டு நான் ஒரு மாதிரி நெனச்சு வச்சிக்கிட்டேன். நீ இனி எழுதுனா அது வேறயாப் போயிரும். நீ மத்தவுகளுக்கு எழுது. சண்ட நல்லா இருக்கட்டும்."

எழுதினேன். குகையை உடைத்தேன், பாம்புகளைக் கடலில் விட்டேன். பாலத்தின் மேல் வான்மாறனும் நாகலிங்கமும் ஒரு சந்தைநாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். அந்தோணி ஆறு படம் வரைந்தான். நாகலிங்கம் சாகவில்லை, தப்பி ஓடினான். அக்கா தன் விடுமுறை நாட்களில் அந்த இதழைத் தானே கொண்டுபோனார். பஸ்ஸிலும் நடந்தும் வீடு வீடாகக் கொடுத்து, படித்து முடிக்கும் வரை வாசலில் காத்திருந்து, கருத்து எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். மீன் வியாபாரி "காற்று இந்த முறை சரி" என்று எழுதியிருந்தார். கீழக்கரை வாசகி தாயாரைக் கடைசி வரை காட்டாததற்கு வருத்தம் தெரிவித்திருந்தார். காய்ச்சல்காரப் பையன் நாகலிங்கம் எங்கே ஓடினான் என்று கேட்டிருந்தான்.

அதற்கு அடுத்த வாரம் எனக்கு மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். மண்டபம் ஸ்டேஷனுக்கு அவர் வந்திருந்தார், அன்று வரும் ஆட்களைக் கூட்டிப் போகத்தான். கையில் அந்தக் கடைசி இதழ். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் பிளாட்பாரத்தில் நின்றார்.

"உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சாக்கா?"

"நல்லாருக்கு" என்றார். "சண்ட நல்லாருக்கு." கொஞ்சம் தயங்கினார். "பாலத்துக்குக் கீழ, கரையோரமா, ஒருத்தி குடத்தோட போறாண்டு எழுதியிருக்கியே. மேல இருந்து கல்லெல்லாம் விழுகுது."

வண்டி நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார்.

"வீடு போய்ச் சேந்துட்டாக்கா" என்றேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு நின்றுகொண்டார். நான் சொன்னது பொய். அந்தப் பெண்ணை நான் பார்க்கவே இல்லை. அழகுக்காக ஒரு குடத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தேன், அவ்வளவுதான். உச்சிப்புளி தாண்டியதும் மனதுக்குள் அவளைத் தேடத் தொடங்கினேன். எந்தத் தெரு, வீட்டில் யார் யார், கல் எதுவும் பட்டதா, தண்ணீர் சிந்தியதா என்று ஒன்றும் தெரியவில்லை. அவளை வாசல் வரை கொண்டுபோய்விட்டு நான் நிமிர்ந்தபோது வண்டி மானாமதுரையில் நின்றுகொண்டிருந்தது.